கோட்டை வீட்டில் திறந்த குழாய்

டிசம்பர் 24, புதன். அஸ்தினாபுரம்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. நாளை விடிகாலை விமானம், இவருடைய பேன்ட் இரண்டும் ஈரம். தேய்த்தே காய வைத்தேன். கரன்ட் பில் வரும்போது கத்தட்டும்.

பெட்டியில் போட்டவை: ஸ்வெட்டர் மூன்று (தாம்பரம் மார்க்கெட், ஒரு தடவை துவைத்தால் குழந்தைச் சட்டை ஆகிவிடும் போலிருக்கிறது), பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், இவருடைய பிரஷர் மாத்திரை, தைலம், பழைய துண்டு நான்கு, கயிறு. கயிறு எதற்கு என்றார். போற இடத்துல துணிய உங்க தலையிலயா காயப்போடுவேன் என்றேன்.

ஏற்பாடு எல்லாம் நிவேதா. பெங்களூரில் உட்கார்ந்தபடியே டிக்கெட், வேன், அறை எல்லாம் போட்டுவிட்டாள் என் மகள். ஊர் ஜெய்சல்மேர். ராஜஸ்தானில் பாலைவனத்தின் ஓரத்தில். "ஹோட்டல் எங்க வேணா இருக்கும்மா. இது கோட்டைக்குள்ளயே ஒரு வீடு. மேல ரெண்டு ரூம் வாடகைக்கு விடறாங்க. அந்த மாதிரி இடத்துல எல்லாம் இனிமே தங்க முடியுமான்னே தெரியல, போய்ட்டு வாங்க." மதிலுக்குள் ஊராம். தெரு, கோயில், குடித்தனம், மாடு எல்லாம் மதிலுக்குள்ளேயே. அதற்கு அடிவாரத்தில் இன்னொரு ஊர்.

நாத்தனாரும் வருகிறார். இவருடைய அக்கா, எங்கள் மேல் போர்ஷனில் இருப்பவர். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். காலமான அவர் வீட்டுக்காரர் ஏர்ஃபோர்ஸ். தாம்பரத்துக்கு மாற்றலாகி வருவதற்கு முன் வடக்கே நாலைந்து ஊரில் குடித்தனம், அதனால் ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. அவர் வராவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் அங்கேயே விற்றுவிடுவார்கள். இவருக்குத் தெரிந்தது கடை ஹிந்தி. கித்னா, சோட்டா, படா, ஆஜ் (இன்று), கல் (நாளை). குரோம்பேட்டையில் பைப், குழாய்க் கடை வைத்திருக்கிறாரே, சாமான் வாங்க வருகிற மேஸ்திரிகளில் பாதிப் பேர் இப்போது வடக்கத்திக்காரர்கள்.

குழாய்த் தண்ணீர் முறை இன்று. எத்தனை மணிக்கு விடுவான் என்று விடுகிறவனுக்கே தெரியாது. வழக்கம்போலக் குழாயைத் திறந்து, அடியில் காலி பக்கெட்டை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சத்தம் கேட்டால் ஓடலாம். பிளாஸ்டிக்கில் தடதடவென்று விழுந்தது, ஓடினேன். வீட்டில் சம்ப் உண்டு, போர் உண்டு, மாடியில் டேங்க் உண்டு, புருஷன் விற்பதே குழாய். இருந்தும் காய்ந்த குழாயைப் பார்த்தால் என் கை திறந்து வைத்துவிடும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வருஷங்கள் என்னை விட்டுப் போகவே இல்லை. இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதேதான்.

பூனைக்குச் சோறு: எதிர் வீட்டில் சொல்லியாயிற்று. கேஸ் மூட வேண்டும். மறக்கக் கூடாது.


டிசம்பர் 25, வியாழன். கோட்டை

விமானம், இன்னொரு விமானம், பிறகு ஜோத்பூரிலிருந்து வேன். பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்தேன். முள்செடியும் ஆடும்தான். இவர் வழியெல்லாம் தூக்கம், வாய் திறந்தபடி.

பொழுது சாயும்போது தெரிந்தது. குன்றின் மேல் இன்னொரு மஞ்சள் குன்று. கிட்டே வர வரத்தான் மதில் என்று புரிந்தது, கொத்தளம் கொத்தளமாக வளைந்துகொண்டு. சும்மா சொல்லக் கூடாது, தூங்கிக்கொண்டிருந்த இவர்கூட எழுந்து ஜன்னல் பக்கம் நகர்ந்தார். வேன் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. ஆட்டோவில் மேலே. வாசல் தாண்டி இன்னொரு வாசல், திரும்பினால் மறுபடி ஒரு வாசல். சந்துகள் இரண்டு பேர் இடித்துக்கொள்ளும் அகலம். மாடு வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

வீட்டுக்காரர் கிஷன்ஜி, இவர் வயசு இருக்கும். பெரிய மீசை, சன்னக் குரல். கீழே அவர்கள் குடித்தனம், மேலே எங்கள் இரண்டு அறை. மகன் வேறு ஊரில் ஜீப் ஓட்டுகிறான். மருமகள் சுமன், பிள்ளை பெற்றிருக்கிறாள், ஆண் குழந்தை, ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெறுங்கையோடு பார்க்கக் கூடாதென்று குழந்தையின் கையில் ஒரு நோட்டைச் செருகினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சுமன் சிரித்தாள். நிவேதாவைவிடச் சின்னவள்.

தாயும் பிள்ளையும் படுக்கிற அறை எங்கள் அறைக்கு நேர் கீழே. அங்கே அண்ணாந்து பார்த்தேன். மர உத்தரம், மேலே நாணல் பாய், அதற்கு மேல் கெட்டித்த மண். அதுதான் அவர்களுக்குக் கூரை, எங்களுக்குத் தரை. சிமென்ட் இல்லை, டைல்ஸ் இல்லை. குழந்தை மேல் தூசி விழாமல் இருக்க உத்தரத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சாவி கொடுக்கும்போது கிஷன்ஜி கைகூப்பி ஏதோ சொன்னார். அண்ணி தமிழில் சொன்னார்: "தண்ணி காலையில கொஞ்ச நேரந்தான் வருமாம். பக்கெட்ல புடிச்சி வெச்சிக்கணுமாம். மத்த நேரம் குழாய மூடியே வைக்கணுமாம். இது குடத்துல தண்ணி தூக்கின காலத்துக் கோட்டையாம். பைப் போட்டதுல இருந்து தண்ணி உள்ள இறங்கி, மதில் வீடு எல்லாம் ஆட்டம் காணுதாம். கும்புட்டுக் கேக்குறாரு, கற்பகம்."

"ஆகட்டும் சொல்லுங்க அண்ணி" என்றேன். நான்தான் சொன்னேன்.

இவர் பாத்ரூம் குழாயைத் தட்டி, முகர்ந்து பார்க்காத குறை. "த்ரெட் போயிருச்சி. நம்ம கடையில இதவிட நல்ல அயிட்டம் கீது, அடுத்த தபா ஒண்ணு எட்த்தாந்து குடுக்குறேன் இவருக்கு." பெருமை தாங்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு ரொட்டி, பருப்பு. மீன் இல்லாமல் இவர் எப்படி ஓட்டப் போகிறாரோ.


டிசம்பர் 26, வெள்ளி

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. திறந்தபடி விட்டு, அடியில் பக்கெட்டை வைத்தேன். வைத்தது நான். இவர் இல்லை, அண்ணி இல்லை. கிஷன்ஜி கும்பிட்டுச் சொன்னது காதில் ஏறியது, கையில் ஏறவில்லை. பாத்ரூம் வாசலிலேயே நின்று தலை பின்னிக்கொண்டிருந்தேன். கீழே சந்திலிருந்து இவர் கத்தல்: "கற்பகம், கைடு வந்து நிக்கிறாரு! இன்னும் எவ்ளோ நேரம் மினுக்கிக்கினு இருப்ப?" எனக்குச் சுர்ரென்றது. மினுக்குகிறேனாம். சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பார்த்தவை: அரண்மனை. சன்னல் எல்லாம் கல்லில் ஜரிகை போட்ட மாதிரி. மதில் மேல் ஒரு பீரங்கி. அங்கே இரண்டு பையன்கள், நம் பக்கத்துப் பேச்சு. "மச்சான், அது மேல சாஞ்சிக்கினு நில்லு, ஒண்ணு எட்த்துக்குறேன்." "கீய பாத்தியா? வுயுந்தா எலும்புகூட தேறாது." பல்லாவரமாம். இந்தக் கோடியில் அந்தப் பேச்சைக் கேட்டதும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவர் கடை விலாசம் கொடுத்தார், வேறென்ன.

கைடு மதிலில் ஒரு இடத்தைக் காட்டினார். வயிறு தள்ளி நின்றது கல். மழையாலயா என்று அண்ணி கேட்டார். இங்கே ஏது மழை, உள்ளே இருக்கிற வீடும் ஹோட்டலும் விடுகிற தண்ணீர்தான் என்றாராம். நானும் தலையாட்டி உச்சுக்கொட்டினேன்.

ஜைனக் கோயிலில் தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வெளியே யாரோ வாளியில் தண்ணீர் கொட்டினார்கள். தடதட. இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க, குழாய்."

"இன்னா குழாய்?"

சொல்ல நேரமில்லை, ஓடினேன். இந்தக் கோட்டையில் எல்லாச் சந்தும் ஒரே சந்து. எல்லாச் சுவரும் மஞ்சள், எல்லாத் திருப்பத்திலும் தொங்கவிட்ட துப்பட்டாக் கடை. ஒரு சந்து மதிலில் முட்டி நின்றது. திரும்பி வந்தால் ஒரு மாடு குறுக்கே படுத்திருந்தது. அதைத் தாண்டி ஓடினேன், இந்த முட்டியை வைத்துக்கொண்டு. பின்னாலேயே இவர், அவருக்குப் பின்னால் அண்ணி மூச்சிரைக்க.

கதவைத் திறந்தேன். குழாய் தானாகவே நின்று போயிருந்தது. பக்கெட் தளும்பி நின்றது. பாத்ரூம் ஓட்டையை என் தலைமுடிச் சுருளே அடைத்திருந்தது. தண்ணீர் வாசற்படியைத் தாண்டி அறைக்குள் வந்து, கட்டிலுக்கு அடி வரைக்கும் தரை கறுத்துக் கிடந்தது. நம் வீட்டு டைல்ஸாக இருந்தால் குளமாக நிற்கும், துடைத்தால் தீர்ந்தது. இங்கே துடைக்கத் தண்ணீரே இல்லை. எல்லாவற்றையும் தரை குடித்துவிட்டது.

துண்டு நான்கையும் போட்டு ஒற்றினேன். வெறும் மண் நிறம் ஏறியது. இவர் குனிந்து கட்டை விரலால் தரையை அழுத்தினார். முகம் மாறியது. உடனே சரி செய்துகொண்டார்.

"காஞ்சிடும்."

கீழே சுமன் தாலாட்டு மாதிரி எதையோ பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் காலுக்கு நேர் கீழே.

"சொல்லிடலாங்க. கொழந்த கீழ தூங்குது."

"சொல்லிட்டு? குழாய்க் கடக்காரன் பொண்டாட்டி குழாய மூடலன்னு சொல்றதா? நல்லா கீது. வேத்து ஊரு, பாஷ தெரியாது, கோட்டைக்கே சேதம் பண்ணிட்டீங்கன்னு நாலு பேர் சேர்ந்து புடிச்சிக்கினா இன்னா பண்ணுவ? திங்கக்கிழம ஃப்ளைட்டு. பழங்காலத்துக் கட்டடம்டி, எத்தினி சண்ட பாத்துருக்கும். ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது."

ஒரு பக்கெட்டா? எவ்வளவு நேரம் கொட்டியதோ.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தம்பியைப் பார்த்தார். "அக்கா, நீ சும்மா இரு" என்றார் இவர். அண்ணி சும்மா இருந்தார். மேல் போர்ஷனில் தம்பி நிழலில் இருப்பவர், வேறென்ன செய்வார். நானாவது என்ன செய்தேன்? ஹிந்தி தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துண்டுகளை அலசி, கொண்டு வந்த கயிற்றில் காயப்போட்டேன்.


டிசம்பர் 27, சனி

வெயில் சுள்ளென்று, காற்று குளிர். தரை மேலாக வெளுத்துவிட்டது. "பாத்தியா? காஞ்சிச்சி" என்றார் இவர், தானே காய வைத்ததுபோல. அவர் பல் தேய்க்கப் போனதும் குதிகாலால் அழுத்திப் பார்த்தேன். மேலே பொறுக்கு, அடியில் பிசைந்து வைத்த மாவு மாதிரி கொடுத்தது.

கிஷன்ஜி டீ கொண்டுவந்தார். எல்லாம் வசதியா, தண்ணீர் கிடைத்ததா என்று கேட்டாராம். "ஃபர்ஸ்ட் கிளாஸ், ஜி" என்றார் இவர், கட்டை விரலை உயர்த்தி. அதே கட்டை விரல்.

சந்தில் அண்ணியைத் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. என் பேரையே சொல்லுங்க. நான்தான் தொறந்தேன்னு சொல்லுங்க."

"எனக்கும் மனசு கேக்கல கற்பகம். ஆனா அவன் சத்தியம் வாங்கிட்டான். நேத்தே. ஊருக்குப் போற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு."

"உங்க தம்பி தலையில இடி விழ."

"என் தம்பிடி."

"எனக்குப் புருஷன். நான் சொல்லலாம்."

அண்ணி சிரிக்கவில்லை. நானும்தான்.

எனவே குழந்தையைப் பார்க்கிற சாக்கில் நானே கீழே போனேன். சுமன் பிள்ளைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, நம் ஊர் மாதிரியே. அண்ணாந்தேன். வெள்ளைத் துணி நடுவில் கொஞ்சம் தொங்கல். ஓரத்தில் டீ சிந்தினதுபோல் ஒரு வட்டம். நேற்று முன்தினம் இருந்ததா? எனக்குத் தெரியும், இல்லை. கையைத் தூக்கிக் காட்டினேன். சுமன் மேலே பார்த்தாள், சிரித்தாள், இரண்டு விரலை ஓடவிட்டுக் காட்டினாள். எலியாம். எலி மூத்திரம் என்று நினைத்துவிட்டாள். இல்லை இல்லை என்று தலையாட்டினேன். அவள் குழந்தையை என்னிடம் நீட்டினாள், தூக்கத்தான் கேட்கிறேன் என்று. வாங்கினேன். எண்ணெய் வழுவழுப்பு, பால் வாசனை. ஒரு கொட்டாவி விட்டான். திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

இதையும் எழுதத்தான் வேண்டும். மதியத்துக்கு மேல் மணல்மேட்டுக்குப் போனோம். வரமாட்டேன் என்றேன், "காசு கட்டியாச்சி" என்றார், போனேன். ஒட்டகத்தில் ஏறினேன். எழுந்திருக்கும்போது முன்னால் கவிழ்த்துவிடுகிறது, சனியன், கத்தினேன், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இவர் போட்டோ எடுத்து நிவேதாவுக்கு அனுப்பினார். "அம்மா செம ஹேப்பி போல" என்று பதில் வந்தது.

திரும்பி வந்ததும் கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போடச் சொன்னேன். முனகிக்கொண்டே தள்ளினார். அங்கே தரை உலர்ந்த இடம் என்று நினைத்தேன்.


டிசம்பர் 28, ஞாயிறு. அடிவாரத்து ஹோட்டல்

கோட்டையில் இல்லை. மத்தியானமே கீழே ஊருக்கு வந்துவிட்டோம். ஜன்னலில் முழுக் கோட்டையும் தெரிகிறது. திரையை இழுத்துவிட்டேன்.

காலையில் இவரும் அண்ணியும் ஏரியைப் பார்க்கப் போனார்கள். முட்டி வலி என்று நான் போகவில்லை. பொய் இல்லை, வலிதான். கட்டிலில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தைல பாட்டில் தானாக உருண்டது. சுவர்ப் பக்கத்திலிருந்து உருண்டு, என் தொடையில் முட்டி, கீழே விழுந்தது. எழுந்து பார்த்தேன். கட்டிலின் ஒரு கால் தரைக்குள் இறங்கியிருந்தது. கால் இறங்கின இடத்தைச் சுற்றி வட்டமாக விரிசல்.

செருப்புகூடப் போடவில்லை. இறங்கினேன். கிஷன்ஜி இல்லை, கடைக்குப் போயிருக்கிறார். அவர் மனைவி கொல்லைப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம். அறையில் சுமன் மட்டும், தலை துவட்டிக்கொண்டு. பிள்ளை கட்டிலில், நேர் அடியில். துணி இப்போது நன்றாகத் தொப்பை போட்டிருந்தது.

"பானி" என்றேன். "பானி, மேல, பானி!" சுமன் சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். தட்டிவிட்டேன். மேலே காட்டினேன், கீழே விழுவதுபோல் கையால் காட்டினேன், குழந்தையைக் காட்டினேன். தமிழில் கத்தினேன். "எடுத்துக்கிட்டு வெளிய வாம்மா, வாடி வெளிய!" அவள் மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பைத்தியம் பிடித்துவிட்டது இந்தக் கிழத்துக்கு என்று நினைத்திருப்பாள். மேலே எதுவோ படக்கென்று விட்டது, எனக்குக் கேட்டது.

குழந்தையைத் தூக்கினேன். துணியோடு வாரி, நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

சுமன் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்போடு பின்னாலேயே ஓடி வந்தாள், தலைவிரிகோலமாக. வந்துவிட்டாளே, அதுதான் எனக்கு வேண்டும் என்று நின்றுவிட்டேன். அதற்குள் சந்து நிறைந்துவிட்டது. துப்பட்டாக் கடைக்காரர் என் கையைப் பிடித்து முறுக்கினார். யாரோ ஒரு பெண் பிள்ளையைப் பிடுங்கினாள். இன்னொருத்தி என் தலையில் அடித்தாள். பிள்ளை திருடி. சொல் புரியவில்லை, அர்த்தம் புரிந்தது. "உள்ள போகாதீங்க, உள்ள போகாதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், தமிழில், ஒருத்தருக்கும் புரியாமல். கிஷன்ஜியின் மனைவி கொல்லையிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றார். வாசலுக்கு இந்தப் பக்கம். அதுவரைக்கும் உயிர் வந்தது.

அண்ணியும் இவரும் அந்த நேரத்துக்கு வந்தார்கள். என் முடி பிடியில் இருப்பதைப் பார்த்து இவர் பாய்ந்தார். "யோவ், வுடுய்யா கைய! யார் மேல கை வெக்கிற?" அவரையும் நாலு பேர் பிடித்தார்கள்.

அண்ணி நடுவில் வந்து நின்று பேச ஆரம்பித்தார். சத்தியம் எல்லாம் போயிற்று. ஒரே மூச்சு. எனக்குப் புரிந்தது பானி, பச்சா, சத் மூன்றுதான்: தண்ணீர், குழந்தை, கூரை. எப்போது கொட்டியது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. பேசப் பேச என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. கடைக்குப் போயிருந்த கிஷன்ஜி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், பாதியில் கேட்டார், உள்ளே போனார். நாங்களும் வாசல் வரைக்கும். ஒரு நீளக் கழியை எடுத்து, நிலைப்படியில் நின்றபடியே, அந்தத் துணியின் தொப்பையில் லேசாகக் குத்தினார்.

துணி கிழிந்தது. ஈர மண் மொத்தமாக இறங்கியது, நாணலோடு. தலையணை தெரியவில்லை. கட்டிலில் பாதி தெரியவில்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தொப்பென்று ஒன்று, அப்புறம் கொஞ்சம் சரசரவென்று. துவாரத்தின் வழியாக எங்கள் அறைக் கட்டிலின் கால் தெரிந்தது.

என்னை அடித்த பெண் என் தோளைத் தொட்டாள், முடியை ஒதுக்கிவிட்டாள். யாரோ உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். துப்பட்டாக் கடைக்காரர் கும்பிட்டார். அண்ணி அழுதுகொண்டே, "தெய்வமா வந்து காப்பாத்துனீங்கன்னு சொல்றாங்க கற்பகம்" என்றார். இவர் நிமிர்ந்து நின்றார். "சொல்லுக்கா, நம்மூர் பொம்பள இப்டித்தான்னு சொல்லு." அந்த ஒரு நிமிஷம், எழுதக் கூசுகிறது, எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

கிஷன்ஜி உள்ளே போய்க் குனிந்தார். கட்டிலில் விழுந்த மண்ணில் ஒரு கை அள்ளி வந்தார். விரலால் தேய்த்தார். பிழிந்தார். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருப்பவர், கூரை மண் அவருக்குத் தெரியாதா. கத்தவில்லை. அண்ணியிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"இது இன்னிக்குத் தண்ணி இல்லையேன்னு கேக்குறாரு. எப்ப கொட்டுச்சின்னு."

"ஆஜ்!" என்றார் இவர் முந்திக்கொண்டு. "ஆஜ், ஜி. மார்னிங். நவ்."

கிஷன்ஜி இவரைப் பார்க்கவே இல்லை. அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார். சந்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இன்று என்று தலையாட்டியிருந்தால் போதும். ஊருக்குப் போகிற வரைக்கும் தெய்வமாகவே இருந்திருக்கலாம்.

இரண்டு விரலைக் காட்டினேன். பின்னால் போன நாள் என்று கையைத் தோளுக்குப் பின்னால் வீசியும் காட்டினேன்.

அண்ணி ஹிந்தியில் தெளிவாகச் சொன்னார். முந்தாநாள்.

இவர் என் முழங்கையைப் பிடித்து, "உனக்கு அறிவு கீதா?" என்றார் பல்லுக்குள்ளே. தள்ளிவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவர் கையைத் தள்ளியது இதுதான் முதல்.

என் தோளில் இருந்த கை எடுபட்டது. கும்பிட்டவர் கடைக்குத் திரும்பிவிட்டார். கிஷன்ஜி மண்ணை மறுபடி அந்தக் குவியலிலேயே போட்டுவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் பெட்டிகளை இறக்க ஆள் கூப்பிட்டார். அந்தக் கூரை பூராவும் பிரிக்க வேண்டுமாம். கோட்டைக்குள் புதிதாக எதையும் கட்ட விடமாட்டார்களாம், இனி கீழே ஊரில் ஒரு வீடு பார்க்க வேண்டியதுதான் என்றாராம். அண்ணி சொல்லச் சொல்ல இவர் பர்ஸை எடுத்தார். கிஷன்ஜி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

சுமன் எதிர் வீட்டுப் படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முந்தானை பிள்ளையின் தலையை மூடியிருந்தது. கிட்டே போனேன். இன்னும் இழுத்து மூடினாள். கைகூப்பினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக, ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அண்ணி சொல்ல மாட்டேன் என்றார். "வேணாம் கற்பகம், வண்டி நிக்குது, வா."

"சொல்லுங்க அண்ணி."

"ரெண்டு ராத்திரியும் நீங்க மேல தூங்கினீங்களான்னு கேக்குறா."

முதல் ராத்திரி கண்ணைக்கூட மூடவில்லை. நேற்று ஒட்டகத்தில் ஏறி இறங்கின அலுப்பு. படுத்ததுதான் தெரியும்.

"தூங்கினேன்னு சொல்லுங்க" என்றேன்.

அண்ணி சொன்னார்.